நான்கு கட்டத்துக்கு ஒரு சொல்

கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. எனக்கு அது போதும். ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் ஒரு வரி தட்டுவேன், அது ஒரு வரி பதில் சொல்லும். வேலை முடிந்தால் ‘எக்ஸிட்’ என்று தட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். இந்த ஜன்னல், அம்புக்குறி, குப்பைத்தொட்டி பொம்மை எல்லாம் வேலை தெரியாதவர்களுக்குக் கொடுக்கிற கிலுகிலுப்பை என்று ஆபீசில் வாய் கிழியப் பேசுவேன். அதனால் அங்கே எனக்குக் ‘கருப்புத்திரை’ என்று பெயர். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

வீட்டிலும் நான் அப்படித்தான் என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு. அவளுக்கு ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் நாள் முழுக்கத் தேனொழுகப் பேசுவாள். வீட்டுக்கு வரும்போது தேன் தீர்ந்திருக்கும். மிச்சம் இருப்பது எனக்கு.

"கிளம்பறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா வாய் சுளுக்கிக்குமா? ஷூ மாட்டறீங்க, கதவு சாத்தற சத்தம் கேக்குது, ஆளைக் காணோம். பூனைகூட வாலை ஆட்டிட்டுப் போகும்."

வாலை ஆட்டுவது நாய் என்று திருத்தினேன். அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்படியிருந்த எங்கள் வீட்டுக்கு மாமா வந்தார். மனைவியின் அப்பா. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போனபிறகு வேறு ஊரில் ஒரு மாடிவீட்டில் தனியாக இருந்தார். அந்த மாடிப்படியில் ஒருநாள் உருண்டு விழுந்தார். நல்லவேளை, கை கால் பிழைத்தது. கண்புரை முற்றி, கடைசிப் படி தெரியாமல் போயிருக்கிறது. இவள் போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்ய வைத்தாள். அதோடு விடவில்லை. இனிமேல் அந்த மாடிப்படிப் பக்கமே போகக் கூடாது, நம்மோடுதான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

மாமா மசியவில்லை. அவருக்கு ஒரு வேலை இருந்தது. ஒரு வார இதழுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக் கொடுக்கிறார். டிப்போவில் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் போட ஆரம்பித்தது. கிராஃப் தாளில் பென்சிலால் கட்டம் கட்டி, சொல்லுக்குச் சொல் கோத்து, குறிப்பெழுதி அனுப்புவார். ஆபரேஷனுக்குப் பிறகு எதிர்வீட்டு மாடியில் காயும் துணியின் கிளிப்பெல்லாம் தெரிகிறது, தாளில் இருக்கிற சின்னக் கட்டம் மட்டும் நீந்துகிறது. கண்ணாடியை மாற்றிப் பார்த்தாயிற்று. தாளைப் பெரிதாக்கிப் பார்த்தாயிற்று.

"கட்டம் போட முடிஞ்சா இங்க இருக்கேம்மா," என்று மகளிடம் சொல்லிவிட்டார். "முடியலன்னா நான் என் வீட்டுக்குப் போய் சும்மா உக்காந்துக்கறேன். சும்மா உக்கார மாப்பிள்ளை வீடு எதுக்கு?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் பாக்கறீங்க. எங்கப்பாவுக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. பெரிய திரை, பெரிய எழுத்து, தமிழ்ல. மவுஸைப் பிடிச்சா வேலை நடக்கணும். உங்க கருப்பு பூதத்தைக் காட்டி அவரை பயமுறுத்தாதீங்க."

எனக்கும் மாமாவுக்கும் நடுவில் மரியாதை ஏராளம். பேச்சுதான் கம்மி. அவர் என்னை ‘மாப்பிள்ளை, வாங்க’ என்பார். நான் ‘மாமா, சாப்பிட்டீங்களா’ என்பேன். சாப்பிட்டிருப்பார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வந்ததிலிருந்து சாயங்காலம் நான் திரும்பும்போது வீட்டில் விளக்கு எரியும். டீ குடிக்கும்போது, "மாப்பிள்ளை, தலை போனாலும் வலிக்கும், வால் போனாலும் வலிக்கும், என்னது?" என்று எதையாவது போடுவார். எனக்கு விடை வந்ததே இல்லை. அதற்காகவே நான் சீக்கிரம் வீட்டுக்கு வர ஆரம்பித்திருந்தேன். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். ஆபீசில் கழித்துப் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி என்னிடம் இருந்தது. ஒரு பெரிய திரை வாங்கி மாமாவின் அறையில் மேஜைமேல் வைத்தேன். பெட்டியில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தை ஏற்றினேன். இப்போதெல்லாம் ஜன்னல், படம், பாட்டு எல்லாம் சேர்த்தே ரெடிமேடாக வருகிறது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்த் தூங்கலாம். மனைவி அதைத்தான் சொன்னாள். கேட்டேனா? பழைய பெட்டி அந்தப் பாரத்தைத் தாங்காது என்றேன். அது பாதி உண்மை. நான் கை வைக்கிற வேலையில் தையல் கடைச் சட்டைதான், ரெடிமேட் கிடையாது என்கிற வீம்பு மீதிப் பாதி. அடிப்படையை மட்டும் ஏற்றி, மற்றதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட ஆரம்பித்தேன்.

மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கருப்புத் திரையில் வெள்ளை வரிகள் மளமளவென்று ஓடி நின்றன.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "படம் எப்ப வரும்?" என்றார்.

திரையில் படம் வரைய ஒரு மென்பொருள் தனியாக வேண்டும். அதை ஏற்றி ஓடவிட்டேன். திரை சாம்பல் நிறமாகி, நட்டநடுவில் குட்டியாக ஒரு பெருக்கல் குறி வந்தது, மவுஸின் இடம் காட்டுவது. வேறொன்றும் இல்லை. எங்கள் உலகத்தில் அது பெரிய வெற்றி. நான் பெருமூச்சு விட்டேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார்.

"ஒரு பெருக்கல் குறிதான் தெரியுது. என் கண்ணுலதான் கோளாறா?"

"இல்ல மாமா, அவ்வளவுதான் இருக்கு."

"அப்ப சரி," என்றார், நிம்மதியாக.

பிறகு ஜன்னல்களைத் திறக்க, மூட, நகர்த்த ஒரு சின்ன மென்பொருள் போட்டேன். கைக்கு அடக்கமானது. அதில் எந்தப் பட்டியல் எங்கே வரவேண்டும், அதில் என்ன எழுத்து, என்ன நிறம் என்பதையெல்லாம் ஒரு கோப்பில் நாமே எழுத வேண்டும். திரை பக்கவாட்டில் இழுத்து வைத்தாற்போல் தெரிந்தது. அதைச் சரிசெய்வதற்குள் மதியச் சாப்பாடு ஆறிப்போனது. சாப்பிட்டு வந்து தமிழில் முதல் வரியைக் காட்டினேன். தமிழ் எழுத்துரு போட மறந்திருந்தேன். எழுத்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் வரிசையாக வெற்றுக் கட்டங்கள் வந்து நின்றன.

மாமா முகம் மலர்ந்துவிட்டது. "அடடே! கட்டம் தயாரா இருக்கே மாப்பிள்ளை! குறிப்பு மட்டும் எழுதினா போதும்போல."

சமையலறையிலிருந்து அவள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு நான் சிரித்தேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நானும் மாமாவும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அன்று படுக்கும்போது அவள் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மும்முரமாகிவிட்டது. எழுத்துரு போட்டேன். விசைப்பலகையில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டினேன். கணக்குப் போடும் விரிதாள் ஒன்றில் கட்டங்களைத் தீப்பெட்டி அளவுக்கு இழுத்துவிட்டு, மாமாவின் குறுக்கெழுத்துக்கு ஏற்றபடி ஆக்கினேன். ஒரு கட்டத்தை அழுத்தினால் அது கருப்பாகும், இன்னொரு தரம் அழுத்தினால் வெள்ளையாகும். அதற்கு ‘கட்டம்’ என்று பெயர் வைத்தேன்.

அப்புறம் சொற்கள். திரையில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் நானே எழுதினேன். கம்ப்யூட்டர் தமிழ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். திற, மூடு, சேமி, நீக்கு. யாரும் ‘தயவுசெய்து சேமியுங்கள் ஐயா’ என்று எழுதுவதில்லை, எழுதினால் இடம் பிடிக்கும். நானும் அதே வழியில் போனேன். எழுது, படி, கேள்.

திரையின் அடியில் ஒரு பட்டை. அதன் வலது மூலையில் யாருடைய கணக்கு என்று பெயர் காட்ட வேண்டும். மாமனாரைப் பெயர் சொல்லி எழுத எனக்குக் கை வரவில்லை. மரியாதையாக ‘மாமா’ என்று போட்டேன். அதற்குப் பக்கத்திலேயே, எல்லாவற்றையும் மூடிவிட்டு வெளியே வருவதற்கான பொத்தான். புதிர் பாதியில் இருக்கும்போது தப்பித்தவறி அதில் கை பட்டுவிட்டால் பாடெல்லாம் வீண். அதனால் அதைச் சிவப்பில் போட்டேன். ஆபரேஷன் செய்த கண்ணாயிற்றே என்று எழுத்தை நன்றாகப் பெரிதாக்கினேன். அறை வாசற்படியில் நின்று பார்த்தாலும் பளிச்சென்று தெரிந்தது:

மாமா வெளியேறு

எனக்கு ரொம்பத் திருப்தி. சாயங்காலம் மாமாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தேன். கட்டத்தைத் திறந்து காட்டினேன். ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து ‘அ’ அடித்தார், அது உள்ளங்கை அளவுக்கு வந்து உட்கார்ந்தது. "அம்மாடி!" என்றார். பிறகு அவர் கண் மெல்லத் திரையில் உலாவி, வலது மூலைக்குப் போய் நின்றது. அங்கேயே நின்றது.

"மாப்பிள்ளை, இந்த எழுத்தெல்லாம் அதுவா போட்டுக்குதா?"

"எது, இதா?" என்றேன். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. "ஒவ்வொரு எழுத்தும் நானே உக்காந்து போட்டது மாமா. உங்களுக்காகவே."

"இந்தச் சிவப்பும்?"

"அதுதான் மாமா முக்கியம். நீங்க அதை மறக்கவே கூடாது. கண்ணுல படணும்னுதான் அவ்வளவு பெருசா போட்டேன்."

"சரி மாப்பிள்ளை," என்றார் மாமா. கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அசதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஷூவை மாட்டினேன். மாமா அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திரை எரிந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் போனேன். மதியம் போன் வந்தது. மனைவி. பல் மருத்துவமனைக் குரலும் இல்லை, வீட்டுக் குரலும் இல்லை.

"அப்பா போன் பண்ணாரு. சாயங்கால பஸ்ஸுக்கு ஊருக்குக் கிளம்பறாராம்."

"ஏன்? கட்டம் வரலையா?"

"தெரியல. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாரு. ‘போறேம்மா’ன்னு சொன்னாருங்க. எங்கப்பா என் வாழ்க்கையில ஒருநாளும் ‘போறேன்’னு சொன்னதில்ல. பக்கத்துக் கடைக்குப் போனாக்கூட ‘வர்றேன்’னுதான் சொல்வாரு." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அந்த மாடிப்படி கண்முன்னே வந்தது. நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீட்டு வாசலில் வந்து இறங்கினோம்.

மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தானே தேய்த்துக்கொண்ட சட்டை, பளபளவென்று துடைத்த செருப்பு. காலடியில் பை. பையிலிருந்து கிராஃப் தாள் சுருள் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, திடீர்னு?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. வீடு பூட்டிக் கெடக்கு. எத்தனை நாளைக்கு அப்படியே போட்டு வைக்கறது?"

"யாராவது ஏதாவது சொன்னாங்களாப்பா?" என்றாள் அவள்.

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. வாயைத் திறந்து யாரும் ஒண்ணும் சொல்லல."

அந்த ‘வாயைத் திறந்து’ என்பதில் ஒரு அழுத்தம் இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்னத்தைச் செய்தேன்?

"எழுத்து சின்னதா இருக்கா மாமா? இன்னும் பெருசாக்கட்டுமா?"

"வேணாம் மாப்பிள்ளை. எழுத்து நல்லாத் தெரியுது. ரொம்ப நல்லாவே தெரியுது."

அவள் விடுவிடென்று மாமாவின் அறைக்குள் போனாள். உள்ளேயிருந்து, "என்னங்க, இங்க வாங்க," என்றாள்.

போனேன். அவள் திரையின் மூலையைக் காட்டினாள். "இது என்ன?"

"அதுவா? வெளியேற."

"யாரு வெளியேற?"

"மாமாதான். வேற யாரு இதுல உக்காரப் போறாங்க?" அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து இன்னும் தெளிவாகச் சொன்னேன். "ஒரே அழுத்து. மாமா எப்ப நினைச்சாலும் வெளியேறிடலாம். வழி தேடிக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. அதுக்குத்தான் இவ்வளவு பெருசா, சிவப்பா போட்டு வச்சிருக்கேன்."

அவள் கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். என் அக்கறையைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டாள் என்றே நினைத்தேன், சத்தியமாக. பின்னால் கதவருகே மாமா வந்து நின்றார்.

"நேத்தும் இதையேதான் சொன்னாரும்மா," என்றார். "மறக்கவே கூடாதுன்னு."

"வாய் விட்டுப் படிங்க," என்றாள் அவள் என்னிடம். "அங்க எழுதியிருக்கறதை அப்படியே, சத்தமா."

"மாமா வெளி—"

நாக்கு அங்கேயே ஒட்டிக்கொண்டது. அத்தனை வருஷமாக அந்தச் சொல்லை நான் ஒரு பொத்தானாகவே பார்த்திருக்கிறேன். அது மனுஷனைப் பார்த்துச் சொல்கிற சொல் என்பது அன்றுதான் காதில் விழுந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டது. தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

"மாமா, ஐயோ, இது அந்த அர்த்தம் இல்ல மாமா. கம்ப்யூட்டர் எல்லாரையும் இப்படித்தான் சொல்லும். எங்க ஆபீஸ்ல முதலாளியையே வெளியேறுன்னுதான் சொல்லும்."

"அவர் போயிடுவாரா?" என்று கேட்டார் மாமா.

"சாயங்காலமானா போவார் மாமா."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. அழுத கண்ணோடு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார்.

"பொண்ணு வீட்டுல வந்து இருக்கறவனுக்கு எதைப் பாத்தாலும் அதுல ஒரு அர்த்தம் தெரியும் மாப்பிள்ளை," என்றார். "நீங்க காலையில ஒரு வார்த்தை சொல்லாம கிளம்பிப் போவீங்க. நான் உள்ள இருந்து ‘மாப்பிள்ளை கிளம்பிட்டாரா’ன்னு கேப்பேன். கதவுதான் பதில் சொல்லும். நான் இங்க இருக்கறது இவருக்குப் பிடிக்கலையோன்னு நினைச்சுக்குவேன். குறிப்பு பல நாளா கையில இருந்துது. விடை நேத்துதான் கிடைச்சுது. நாலு எழுத்து, கச்சிதமா உக்காந்துது."

அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்த விடை தப்பு மாமா," என்றேன். "நான் யாருகிட்டயும் சொல்லிட்டுப் போறதில்ல. இவகிட்டயும் சொல்றதில்ல, கேட்டுப் பாருங்க. நீங்க வந்ததுலேர்ந்து வீட்டுல விளக்கு எரியுது. அந்தத் தலை, வால் கேள்விக்காகவே நான் சீக்கிரம் வர்றேன். நீங்க இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு மாமா."

இவ்வளவு நீளமாக நான் பேசி அவள் கேட்டதில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்த்தாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆபரேஷன் செய்த கண்ணைத் தேய்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேய்த்தார்.

நான் திரைப் பக்கம் திரும்பி, சொற்கள் எழுதியிருந்த கோப்பைத் திறந்தேன். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. அந்த வரிக்குப் போய் ‘வெளியேறு’ என்பதை அழித்தேன்.

"நீங்களே சொல்லுங்க மாமா. இங்க என்ன போடலாம்?"

அவர் உடனே வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, வராமல் இருக்க முடியாதவர்போல எழுந்து வந்து என் தோளுக்குமேல் குனிந்தார்.

"எத்தனை கட்டம்?"

"இந்தப் பட்டையில நாலு எழுத்துக்குத்தான் இடம் இருக்கு. கொஞ்சம் முன்னபின்ன பாத்துக்கலாம்."

"முன்னபின்னல்லாம் கிடையாது. நாலுன்னா நாலு."

"‘வெளியேறுங்கள்’னு மரியாதையா போட்டா?" என்றேன்.

"ஏழு கட்டம். மரியாதை கூடுது, விஷயம் மாறல. கும்புடு போட்டு விரட்டற மாதிரி இருக்கும்."

"‘முடிந்தது’?"

"மாமா முடிந்தது? ஒரேயடியா முடிச்சே விட்டீங்களா மாப்பிள்ளை? அதுவும் அஞ்சு கட்டம்."

"‘ஓய்வு’?"

"மூணு. அதை டிப்போவுலயே குடுத்துட்டாங்க."

அவர் நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார். சொற்களை வாய்க்குள் போட்டு உருட்டினார். விரல்விட்டு எண்ணினார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அதை நினைவுபடுத்த எங்களுக்கென்ன பைத்தியமா? கடைசியில் கதவோரத்திலிருந்து அவள்தான் சொன்னாள்.

"கிளம்பறப்ப மனுஷங்க என்ன சொல்வாங்களோ அதைப் போட்டுத் தொலைங்களேன்."

மாமா கட்டைவிரலை ஒவ்வொரு விரலாக நகர்த்தினார்.

"வர்றேன்," என்றார். "வ, ர், றே, ன். நாலு."

எண்ணிமுடித்த கையை இறக்காமல் என்னைப் பார்த்தார். நான் தட்டினேன். பட்டையை ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். மூலையில் சிவப்பாக வந்தது: மாமா வர்றேன்.

"நடுவுல ஒரு கால்புள்ளி வேணும் மாப்பிள்ளை," என்றார். "குறுக்கெழுத்துல அதுக்குக் கட்டம் கிடையாது. ஆனா இங்க வேணும்."

கால்புள்ளி போட்டேன். நேற்று ஒரு கால்புள்ளி போட்டிருந்தாலும் காப்பாற்றியிருக்காது, அது வேறு விஷயம். மாமா வாசற்படி வரை போய் நின்று, அங்கிருந்து திரையைப் பார்த்தார். அது அவரைப் பார்த்து ‘மாமா, வர்றேன்’ என்றது.

"சிவப்பை மாத்தட்டுமா?" என்றேன்.

"இருக்கட்டும். தப்பாக் கை பட்டுடக் கூடாதுன்னுதானே போட்டீங்க?" அதை அவரே கண்டுபிடித்துவிட்டார். "அப்படின்னு ஒரு வார்த்தை நேத்தே சொல்லியிருந்தா நான் சட்டை தேச்சிருக்க வேண்டாம்."

அவள் கூடத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், சட்டைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். கிராஃப் தாள் சுருளை அலமாரிக்கு மேலே போட்டாள். மாமா தடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ‘கட்டம்’ என்பதை அழுத்தினார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "இதோ," என்றார். மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

மறுநாள் காலை ஷூ லேஸைக் கட்டினேன். மாமாவின் அறையிலிருந்து விசை தட்டுகிற சத்தம் வந்தது. ஒரு தட்டு, நீண்ட இடைவெளி, ஒரு தட்டு. ஸ்டிக்கரில் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். வரவேண்டுமே! ஆயிரம் பேர் கூடிய மேடையில் மைக்கைக் கையில் கொடுத்தாற்போல் இருந்தது. காலை உள்ளே எடுத்தேன்.

"மாமா, வர்றேன்!"

பதற்றத்தில் கத்தித் தொலைத்துவிட்டேன். சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்து உருண்டது. உள்ளே தட்டுகிற சத்தம் நின்றது.

"வாங்க மாப்பிள்ளை," என்று குரல் வந்தது. சற்றுப் பொறுத்து, "சாயங்காலம் நேரத்தோட வந்துடுங்க. மேலிருந்து கீழ்ல ஒண்ணு சிக்கிக்கிட்டு நிக்குது. உங்ககிட்ட கேக்கணும்."

"சரி மாமா," என்றேன். தட்டுகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு ஆபீசுக்குப் போனேன்.